நேரே டெல்லிக்குப் போன கதை

பென்ஷன்காரர்:
2019-இல் என் பென்ஷனில் திடீரென்று பிடித்தம் செய்ய ஆரம்பித்தார்கள். நாலு மனு கொடுத்தேன், பதிலே இல்லை. "ஹைகோர்ட்டில் வருஷக்கணக்கில் கிடக்கும் மாமா, அரசியல் சட்டம் 32-ஆவது பிரிவில் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிடலாம்" என்றான் வக்கீலாக இருக்கும் தங்கை மகன். ரயிலில் இரண்டு ராத்திரி. எங்கள் எண் வந்ததும் நீதிபதி ஃபைலைப் புரட்டக்கூட இல்லை. ஏன் ஹைகோர்ட் போகவில்லை என்றார். வாபஸ் வாங்குகிறீர்களா, தள்ளுபடி செய்யட்டுமா? வாபஸ். ஒரு நிமிஷம் ஆகியிருந்தால் அதிகம். அப்புறம் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில், ஹைகோர்ட்டுக்கான 226-ஆவது பிரிவில் ரிட் (அரசுக்கு உத்தரவு போடக் கேட்கும் மனு) போட்டு எட்டு மாதத்தில் பிடித்தம் ரத்தானது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

ஜூனியர் வக்கீல்:
ஐயா, உங்கள் மருமகன் சொன்னது பாதி சரி. 1950-இல் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை மெட்ராஸ் மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். அதை நடத்திய ரொமேஷ் தாப்பர் ஹைகோர்ட் படி ஏறாமல் நேரே சுப்ரீம் கோர்ட் போய் ஜெயித்தார். முதலில் ஹைகோர்ட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்ற அரசுத் தரப்பு வாதம் அன்று எடுபடவில்லை. பிரிவு அப்படியேதான் இருக்கிறது, பழக்கம்தான் மாறிவிட்டது. இன்னொன்று, 32 அடிப்படை உரிமைக்கு மட்டும். 226-இல் 'வேறு எந்த நோக்கத்துக்காகவும்' என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பென்ஷன் சொத்துக் கணக்கில் வரும். சொத்துரிமையை அரசியல் சட்டத்தின் 44-ஆவது திருத்தத்தில் அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்தாயிற்று. உங்கள் கேசுக்கு மதுரைதான் வழி.

கம்பம் விவசாயி:
எங்கள் கதை தலைகீழ். முல்லைப் பெரியாறில் 142 அடி தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. மார்ச்சில் கேரளா சட்டத்தைத் திருத்தி 136-ஐத் தாண்டக் கூடாது என்றது. தமிழக அரசு கேஸ் போட்டதும் ஊரில் வசூல் செய்து, எங்களையும் சேருங்கள் என்று வக்கீலிடம் போனோம். இது அரசுகளுக்குள் வரும் வழக்கு நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகும் 131-ஆவது பிரிவு, மத்திய, மாநில அரசுகளைத் தவிர யாரும் உள்ளே வர முடியாது என்றார். மாநிலங்களுக்குள் சண்டை என்பதால் ஹைகோர்ட்டிலும் வேலை இல்லையாம். "தண்ணி பாயிறது என் வயலுக்கு, கேசு மட்டும் கவர்மெண்டுக்கா?" என்று பெரியப்பா சத்தம் போட்டார். அப்பீல் மாதிரி இல்லை இது, சாட்சி விசாரணையிலிருந்து எல்லாமே சுப்ரீம் கோர்ட்டில்தான். எட்டு வருஷம் ஓடி 2014 மே 7-இல் மறுபடி அதே 142. நவம்பரில் நீர்மட்டம் அதைத் தொட்ட அன்று, வசூல் பணத்தில் ஊருக்கே பொங்கல் வைத்தோம்.