தத்துப்பிள்ளை வரும் வீட்டுக்கு என்ன வாங்கிப் போகலாம்?

பெங்களூர் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். ஜெயநகரில் இருக்கும் என் நண்பர்கள், தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவில் (CARA) பதிவு செய்து வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அடுத்த வாரம் மூன்று வயதுப் பெண் குழந்தை வீட்டுக்கு வருகிறாள். மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை பிறகுதான் வரும். பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யவில்லை. அதனால் பெயர் பொறித்த வெள்ளிக் கிண்ணம் இப்போது வேண்டாம்.

கிலுகிலுப்பை வயதையும் தாண்டிவிட்டாள், துணி அளவும் தெரியாது. சென்னப்பட்டணா மரப் பொம்மை வாங்கலாமா? அரக்குப் பூச்சு, வழவழப்பாக இருக்கும். ஆனால் புது வீடு, புது முகங்கள். பொம்மைகளை வேறு குவித்தால் மிரண்டுவிடுவாளோ? இதுவரை அவள் கேட்டது கன்னடம், இந்த வீட்டிலோ தமிழ். இரண்டு மொழியும் உள்ள படப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

பேசாமல் அம்மா அப்பாவுக்குச் சில நாள் இரவுச் சாப்பாடு அனுப்பு என்கிறாள் என் மனைவி. அதுவும் சரிதான், ஆனால் குழந்தைக்கென்று ஒன்று வேண்டாமா?

தத்தெடுத்தவர்கள் சொல்லுங்கள்: உங்களுக்கு வந்ததில் எது உண்மையாகவே பயன்பட்டது? பட்ஜெட் 3,000 ரூபாய். அப்புறம், 'பாவம் குழந்தை' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.