உதவி: கேம் ஓடும்போது மட்டும் மானிட்டர் மினுங்குகிறது, துபாய்க்கே திருப்பி அனுப்பணுமா?

கீழக்கரை_தம்பி:
லீவில் வந்த என் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து எனக்கு 27 இன்ச் கேமிங் மானிட்டர் கொண்டு வந்தார். வளைந்த திரை, விஏ பேனல் (கறுப்பு அடர்த்தியாகத் தெரியும் எல்சிடி வகை). ஃப்ரீசிங்க் (கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) உண்டு, பெட்டியில் 48–144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கும்) என்று போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு.

முதலில் எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டினேன். கேமில் கேமிராவைத் திருப்பினால் படம் குறுக்கே கிழிந்து தெரிந்தது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் (அதே வசதிக்கு என்விடியா வைத்த பெயர்) பகுதியே இல்லை. ராம்நாடு போய் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கி வந்து மாட்டியதும் அந்தப் பகுதி வந்தது, டிக் போட்டேன், கிழிசல் நின்றது. ஆனால் இப்போது இருட்டான காட்சிகளில் திரை முழுக்க வெளிச்சம் ஏறி இறங்குகிறது. டெஸ்க்டாப்பில் இல்லை, வீடியோவில் இல்லை, கேமில் மட்டும்தான்.

காக்கா வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புகிறார். வாரண்டி அங்கேதான். பீஸ் கோளாறு என்றால் அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்கிறார்களே, அதற்கும் இந்த 48க்கும் சம்பந்தம் உண்டா?

ஏர்வாடி_வயரிங்:
தம்பி, முதலில் பிளக்கைப் பாருங்கள். துபாய் மானிட்டருக்குச் சதுரக் கால் மூணு பின் வரும், இங்கே கன்வெர்ட்டர் போட்டுத்தான் சொருகியிருப்பீர்கள். நம் கடற்கரை வீடுகளில் உப்புக் காற்றுக்கு சாக்கெட்டின் உள்பித்தளை பச்சை பூத்துவிடும், பிடிப்பு இருக்காது. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு இந்தியக் காலுள்ள பவர் கார்டு போட்டு, வேறு சாக்கெட்டில் பாருங்கள்.

கீழக்கரை_தம்பி:
அண்ணே, சாக்கெட் நீங்கள் சொன்னபடியே பச்சை பூத்துத்தான் இருந்தது. கார்டையும் சாக்கெட்டையும் மாற்றிவிட்டேன். இன்வெர்ட்டரிலும் ஓட்டிப் பார்த்தேன். மினுக்கம் அப்படியே இருக்கிறது.

மண்டபம்_பிசி:
சாக்கெட்டை மாற்றியது நல்லது, ஆனால் இது கரண்ட் வேலை இல்லை. கரண்ட்தான் காரணம் என்றால் டெஸ்க்டாப்பும் மினுங்கியிருக்கும். கரண்டின் 50 ஹெர்ட்ஸுக்கும் திரையின் 48க்கும் தொடர்பே கிடையாது. அடாப்டர் அதை டிசியாக மாற்றித்தான் மானிட்டருக்குள் விடுகிறது.

ஒன்று செய்யுங்கள். மானிட்டரின் சொந்த மெனுவில் ரிஃப்ரெஷ் ரேட் காட்டும் வசதி இருந்தால் போடுங்கள். மினுங்கும் இடத்தில் நின்று, அந்த எண்ணோடு சேர்த்து மொபைலில் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள். எண் எப்படி ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

கீழக்கரை_தம்பி:
எடுத்தேன் அண்ணே. 53, 50, 48, பிறகு ஒரேயடியாக 94, திரும்ப 49, உடனே 92. அந்தத் தாவல் நடக்கும்போதுதான் வெளிச்சமும் மாறுகிறது. மானிட்டர் தானாக 94க்குப் போவானேன்? கேமில் அவ்வளவு எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம், அதாவது படம்) வரவே இல்லை.

மண்டபம்_பிசி:
விடை அதில்தான் இருக்கிறது.

சாதாரணத் திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கண்டிப்பாகப் படத்தைப் புதுப்பிக்கும், கார்டு தயாரா இல்லையா என்று பார்க்காது. திரை ஒரு படத்தைப் பாதி காட்டியிருக்கும்போதே கார்டு அடுத்த படத்தைக் கொடுத்தால் கிழிசல். அடாப்டிவ் சிங்க்கில் (ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் வகை வசதிக்குப் பொதுப்பெயர்) கார்டு ஃபிரேமை முடிக்கும்வரை திரை காத்திருக்கும். ஆனால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. உங்கள் திரைக்கு அது 48 ஹெர்ட்ஸ், அதாவது ஏறக்குறைய 20.8 மில்லிசெகண்டு. கேம் 47க்கு இறங்கினால் கார்டின் டிரைவர் மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு தடவை அனுப்பும், திரை 94இல் ஓடும். 49க்கு ஏறினால் இரட்டிப்பு நின்றுவிடும். உங்கள் கேம் அந்த வாசற்படியிலேயே நின்று உள்ளும் வெளியும் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே பிக்சலில் உள்ள மின்னேற்றம் மிகச் சிறிது மாறும். இடைவெளி 20 மில்லிசெகண்டிலிருந்து பத்துக்குத் தாவினால் அந்த மாற்றம் வெளிச்சமாகத் தெரியும். விஏ பேனலின் அடர் கறுப்பில் இது நன்றாகவே கண்ணில் படும். இந்த வகைப் பேனலில் பரவலாக உள்ள குணம்தான் இது, உங்கள் பீஸ் கெட்டுப்போகவில்லை. மாற்றி வாங்கினாலும் அதே மாடலில் இதையேதான் பார்ப்பீர்கள்.

செய்ய வேண்டியது: நிழல், மூடுபனி இரண்டையும் குறைத்து கேம் 60க்குக் கீழே போகாதபடி வையுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் 70 போடுங்கள். மேலே வரம்பு போடுவது மட்டும் போதாது, கீழே இறங்காமல் இருப்பதுதான் முக்கியம்.

கேபிள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் அதில்தான் மாட்டுகிறார்கள். திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2014இல் அடாப்டிவ் சிங்க்கை டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. 2019 ஜனவரி டிரைவரில் என்விடியா ஏற்றுக்கொண்டதும் அந்த வழியைத்தான். பழைய எச்டிஎம்ஐயில் ஓடும் ஃப்ரீசிங்க், போட்டி நிறுவனமான ஏஎம்டி தனியாகச் செய்தது, என்விடியா கார்டு அதைக் கண்டுகொள்ளாது. எச்டிஎம்ஐ 2.1இல் விஆர்ஆர் (ரிஃப்ரெஷ் ரேட் மாறும் இதே வசதி) வந்த பிறகுதான் அந்தக் கேபிளிலும் வழி பிறந்தது.

பாம்பன்_ரேடியான்:
என்னுடையது ஏஎம்டி கார்டு, 48–75 திரை. 48ஐ இரட்டித்தால் 96, அது 75க்குள் அடங்காது, அதனால் எனக்கு இந்த இரட்டிப்பே கிடையாது. 48க்குக் கீழே போனால் கிழிசல் அல்லது திக்கல்தான். தம்பியின் திரையில் மேல் எல்லை கீழ் எல்லையைப் போல மூன்று மடங்கு, அது நல்ல திரை, விட்டுவிடாதீர்கள்.

செட்டிங் குறைத்தும் அடங்காவிட்டால் கஸ்டம் ரெசல்யூஷன் யுடிலிட்டி என்ற இலவச மென்பொருளில் கீழ் எல்லையை 48லிருந்து 60ஆக உயர்த்திப் பார்க்கலாம். 59க்கே இரட்டிப்பு தொடங்கிவிடும், திரை மெதுவான பகுதிக்குப் போகவே போகாது. ஆனால் கேம் 60ஐச் சுற்றியே ஆடினால் அங்கேயும் தாவல் வரும். மாற்றும் முன் பழைய எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை_தம்பி:
நிழலை மீடியத்துக்கு இறக்கினேன், மூடுபனியை லோவில் வைத்தேன், வரம்பு 70. இப்போது 61க்குக் கீழே போகவில்லை. நேற்று இஷா தொழுகைக்குப் பிறகு காக்காவும் நானும் அந்த இருட்டுக் குகையிலேயே ஒரு மணி நேரம் சுற்றினோம், ஒரு தடவைகூட மினுங்கவில்லை. லோடிங் திரையில் மட்டும் லேசாக வருகிறது.

மண்டபம்_பிசி:
லோடிங்கில் எஃப்பிஎஸ் தாறுமாறாக ஏறி இறங்கும், அங்கே வரத்தான் செய்யும். அதை விட்டுவிடுங்கள். 144க்கு மேல் ஓடும் லேசான கேம்களுக்கு வரம்பை 141 வைத்து, கண்ட்ரோல் பேனலில் வி-சிங்க்கையும் (திரை புதுப்பிக்கும் நேரம் வரும்வரை ஃபிரேமை நிறுத்தி வைக்கும் வசதி) ஆன் செய்யுங்கள், மேல் எல்லையிலும் கிழியாது.

கீழக்கரை_தம்பி:
சரி அண்ணே, அப்படியே செய்கிறேன். காக்காவிடம் சொல்லிவிட்டேன், மானிட்டர் இங்கேயே இருக்கட்டும் என்று. பில்லை மட்டும் அவரே வைத்துக்கொள்கிறார், வாரண்டிக்கு.