எமுலேட்டரில் ஓடும் என் ஃபேமிகாம் விளையாட்டு கேசட்டில் ஓடவில்லை: பிழை எங்கே?

ஏழுகுழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல்லாங்குழியை அடிப்படையாகக் கொண்டு நிண்டெண்டோ ஃபேமிகாமுக்காக நானே எழுதிய சிறு விளையாட்டு ஒன்றை, கையில் பிடிக்கக்கூடிய உண்மையான கேசட்டாகச் செய்துவிட வேண்டும் என்று நான்கு மாதங்களாக முயன்று வருகிறேன். 1990களில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டி விளையாடிய வீடியோ கேம் பெட்டி, 1983இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாமின் நகல் என்பதும், அதன் கேசட்டுகள் அதே 60 பின் அமைப்பைக் கொண்டவை என்பதும் வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரியவந்தன. அந்தப் பெட்டி இப்போது இல்லை. ஜப்பானிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த, ஏவி இணைப்புள்ள பிற்கால ஃபேமிகாம் ஒன்று இருக்கிறது.

நிரலை சிசி65 என்ற நிரலாக்கக் கருவித் தொகுப்பின் அசெம்பிளரில் எழுதினேன். நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட். மாப்பர் (நினைவகப் பகுதிகளை மாற்றி மாற்றிக் காட்டும் கூடுதல் சுற்று) எதுவும் தேவைப்படாத, என்ராம் எனப்படும் எளிய கேசட் வகை. மெசன் என்ற எமுலேட்டரில் (கணினியிலேயே ஃபேமிகாம் போல இயங்கும் மென்பொருள்) முதல் திரை முதல் கடைசிக் காய் வரை பிழையின்றி ஓடுகிறது.

என்ராம் வகைக்கான காலிப் போர்டு ஒன்றையும், டபிள்யூ27சி512 என்ற, அழித்து எழுதக்கூடிய நினைவகச் சிப்புகள் நான்கையும், சிப்பில் எழுதும் கருவியான டிஎல்866 புரோகிராமர் ஒன்றையும் வாங்கினேன். போர்டில் இரண்டு சாக்கெட்டுகளைப் பற்றவைத்து, என் விளையாட்டுக் கோப்பை இரண்டு சிப்புகளிலும் எழுதி மாட்டினேன். எழுதியபின் சரிபார்த்தபோது இரண்டிலும் பிழையில்லை என்றே புரோகிராமர் காட்டியது. ஆனால் பெட்டியை இயக்கினால் திரை முழுவதும் ஒரே சாம்பல் நிறம்தான் வருகிறது. சிப்புகளை மாற்றிப் பார்த்தேன், கேசட்டின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு பற்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிப்புகள்தாம் போலியா, அல்லது எழுதிய முறையே தவறா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈயப்பொறி எழுதியது:

வணக்கம். உங்கள் சிப்புகள் நல்லவை என்றே நினைக்கிறேன். சரிபார்ப்பில் தேறியது என்றால், கொடுத்த கோப்பு அப்படியே சிப்பில் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்தக் கோப்பு சிப்பில் ஏற வேண்டிய கோப்புதானா என்பதைப் புரோகிராமரால் சொல்ல முடியாது. அங்கேதான் பிழை இருக்கிறது.

உங்கள் கோப்பின் அளவைப் பாருங்கள். 40,976 பைட் என்று இருக்கும். 32,768 பைட் நிரலும் 8,192 பைட் படங்களும் சேர்ந்தால் 40,960தான். மீதி 16 பைட்டுகள் கோப்பின் தலைப்பகுதி. அது எமுலேட்டருக்காக மட்டும் சேர்க்கப்படுவது: நிரல் எத்தனை பைட், படம் எத்தனை பைட், எந்த மாப்பர், திரைப் பக்கங்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பவற்றை அது எமுலேட்டரிடம் சொல்கிறது. உண்மையான கேசட்டில் அந்தச் செய்திகளை எல்லாம் போர்டின் கம்பிகளே சொல்லிவிடுவதால், அந்த 16 பைட்டுகளுக்கு அங்கே இடமே கிடையாது.

இப்போது உங்கள் சிப்பில் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். என்ராம் போர்டில் நிரல் சிப்புக்கான இடம் 27சி256 என்ற 32 கிலோபைட் சிப்புக்கு உரியது. அதன் 1ஆம் பின், எழுதும்போது உயர் மின்னழுத்தம் கொடுப்பதற்கான பின். படிக்கும்போது அதை 5 வோல்ட்டில் கட்டிவைப்பார்கள். உங்களுடைய சிப்போ 64 கிலோபைட். அதில் அதே 1ஆம் பின், 15 என்ற எண்ணுடைய முகவரிக் கம்பி (சிப்பின் எந்த இடத்தைப் படிப்பது என்று சொல்லும் கம்பிகளில் ஒன்று). போர்டு அதை 5 வோல்ட்டில் பிடித்திருந்தால், பெட்டிக்கு உங்கள் சிப்பின் மேல்பாதி மட்டுமே தெரியும். அந்த மேல்பாதியின் தொடக்கத்தில் உங்கள் நிரலின் கடைசி 16 பைட்டுகள், அவற்றை அடுத்துப் படங்கள், அதன்பிறகு முடிவுவரை எதுவும் எழுதப்படாத வெற்றிடம். அழிக்கப்பட்ட சிப்பில் ஒவ்வொரு பைட்டும் எஃப்எஃப் (எல்லா பிட்டும் ஒன்று) என்றே இருக்கும். பெட்டியை இயக்கியதும் சிபியு முதலில் தேடுவது, நிரல் எங்கே தொடங்குகிறது என்ற முகவரியைத்தான். 32 கிலோபைட்டின் கடைசி ஆறு பைட்டுகளுக்குள் நடுவில் அது இருக்க வேண்டும். உங்கள் சிபியு அங்கே போய் எஃப்எஃப் எஃப்எஃப் என்று படித்துவிட்டு வழிதவறி நிற்கிறது. சாம்பல் திரைக்கு அதுவே காரணம்.

செய்ய வேண்டியது இதுதான். தலைப்பகுதியை நீக்கிவிட்டு, அடுத்த 32,768 பைட்டுகளைத் தனிக் கோப்பாகவும், எஞ்சிய 8,192 பைட்டுகளை இன்னொரு கோப்பாகவும் பிரியுங்கள். நீங்கள் சிசி65 பயன்படுத்துவதால் வெட்டி ஒட்டும் வேலைகூட வேண்டாம்; லிங்கரின் (நிரல் பகுதிகளை இணைத்து இறுதிக் கோப்பாக்கும் கருவி) அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு நினைவகப் பகுதிக்கும் தனி வெளியீட்டுப் பெயர் கொடுத்தால் அதுவே பிரித்துத் தந்துவிடும். பிறகு நிரல் கோப்பை இரண்டு முறை அடுத்தடுத்து ஒட்டி 64 கிலோபைட் ஆக்குங்கள்; படக் கோப்பை எட்டு முறை ஒட்டுங்கள். இப்படிச் செய்தால் மேல் முகவரிக் கம்பிகள் 5 வோல்ட்டில் இருந்தாலும் தரையில் இருந்தாலும் பெட்டி ஒரே உள்ளடக்கத்தையே படிக்கும். ஆனாலும் அந்தக் கம்பிகளை எதிலும் கட்டாமல் அந்தரத்தில் விட்டுவிடாதீர்கள். படச் சிப்பின் 1, 26, 27 ஆகிய மூன்று பின்களும் எங்கே போகின்றன என்று மல்டிமீட்டரால் பார்த்து, எங்கும் போகாதவற்றை 5 வோல்ட்டுடன் இணைத்துவிடுங்கள். நிரலுக்கு எந்தச் சாக்கெட், படத்துக்கு எந்தச் சாக்கெட் என்பதையும் போர்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மாட்டுங்கள்.

பச்சைப்பலகை எழுதியது:

ஈயப்பொறி சொன்னது முழுவதும் சரி. சிப்பைப் பற்றி மட்டும் சிறிது சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இதே வேலையைத் தொடங்குகிறவர்கள் பலர் அங்கேதான் பணத்தை இழக்கிறார்கள்.

28சி256 என்று ஒரு சிப் கிடைக்கும். அதுவும் 32 கிலோபைட், அதுவும் 28 பின், மின்சாரத்தாலேயே அழிக்கலாம், உயர் மின்னழுத்தமும் வேண்டாம். பெயரில் ஒரே ஓர் எண்தானே வேறு என்று எண்ணி நான் இரண்டு வாங்கினேன். 27சி256இல் 14ஆம் முகவரிக் கம்பி 27ஆம் பின்னில் இருக்கிறது. 28சி256இல் அது 1ஆம் பின்னுக்குப் போய்விட, 27ஆம் பின்னில் எழுதுவதற்கான கட்டளைக் கம்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை அப்படியே கேசட்டில் மாட்டினால், அந்த முகவரிக் கம்பி தாழும் ஒவ்வொரு முறையும் எழுதுவதற்கான கட்டளைக் கம்பியும் தாழ்ந்துவிடும்; சிப்பைச் சரியாகப் படிக்க முடியாது. பின்களை வளைத்துக் கம்பி இழுத்துச் சரிசெய்யலாம்தான். ஆனால் முதல் கேசட்டிலேயே அந்தத் தொல்லை எதற்கு?

சன்னல் வைத்த 27சி256 பழைய முறை. உள்ளே சிலிக்கான் துண்டும், முடியிழை போன்ற தங்கக் கம்பிகளும் குவார்ட்ஸ் சன்னல் வழியே தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே நான் அதை விரும்புகிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அழிக்கப் புற ஊதா விளக்கு வேண்டும், கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். எழுதி முடித்தபின் சன்னலின் மேல் ஒளி புகாத ஒட்டுத்தாளை மறக்காமல் ஒட்ட வேண்டும். நிரலை நாளுக்கு நான்கு முறை மாற்றுகிற கட்டத்தில் உங்களிடம் உள்ள டபிள்யூ27சி512தான் வசதி. புரோகிராமரே சில நொடிகளில் அழித்துவிடும்.

இணையத்தில் மலிவாக வருபவை பெரும்பாலும் பழைய போர்டுகளிலிருந்து கழற்றி, மேற்பரப்பைத் தேய்த்து, புதிதாகப் பெயர் அச்சிட்டவை. அதனாலேயே அவை கெட்டவை ஆகிவிடாது. ஆனால் எழுதும் முன் சிப்பின் அடையாள எண்ணைப் புரோகிராமர் படிக்கும்போது, வேறோர் எண் வந்தால் 'பரவாயில்லை, தொடரலாம்' என்று அழுத்திவிடாதீர்கள். உள்ளே இருப்பது வேறு சிப்பாக இருக்கலாம், அதன் மின்னழுத்தமும் வேறாக இருக்கலாம். முதலில் அழித்து, முழுவதும் எஃப்எஃப் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, அதன்பிறகே எழுதுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. போர்டு கிடைக்கவில்லை என்றால் அசல் ஜப்பானியக் கேசட்டைப் பிரித்து அதன் சிப்பைப் பிடுங்கிவிடாதீர்கள். அவற்றை இனி யாரும் புதிதாகச் செய்யப்போவதில்லை. காலிப் போர்டோ எத்தனை வேண்டுமானாலும் அச்சிடலாம்.

ஏழுகுழி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோப்பைப் பிரித்து, இரண்டு மடங்காகவும் எட்டு மடங்காகவும் ஒட்டி எழுதினேன். படச் சிப்பின் 26ஆம் பின் எங்கும் போகாமல் இருந்தது உண்மைதான். அதை 5 வோல்ட்டுடன் இணைத்தேன். நேற்று இரவு முதன்முறையாக என் முதல் திரை தொலைக்காட்சியில் வந்தது. பதினான்கு குழிகளும் வரிசையாக நின்றதைப் பார்த்தபோது வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன்.

ஆனால் மூன்று குறைகள் இருக்கின்றன. முதலாவது, ஒலியே இல்லை. புளியங்கொட்டை ஒவ்வொன்றும் குழியில் விழும்போது எழும் சிறு சத்தத்தை வைத்தே விளையாடுகிறவர் கொட்டைகளை எண்ணிக்கொள்ள வேண்டும் என்று நான் அமைத்திருப்பதால், ஒலியில்லாமல் இந்த விளையாட்டு பாதி விளையாட்டுதான். இரண்டாவது, முதல் திரையிலிருந்து விளையாட்டுத் திரைக்குப் பக்கவாட்டில் நகர வேண்டிய இடத்தில், இரண்டாம் திரைக்குப் பதிலாக முதல் திரையே வலப்புறத்திலிருந்து மறுபடி வருகிறது. நிரலில் செங்குத்து மிரரிங் (திரைப் பக்கங்கள் எந்தத் திசையில் திரும்ப வர வேண்டும் என்ற அமைப்பு) என்று குறித்திருப்பதால், போர்டில் 'வி' என்று குறித்த இடத்தில்தான் ஈயம் வைத்தேன். மூன்றாவது, பத்து முறை இயக்கினால் இரண்டு முறை குழிகளில் தாறுமாறான எண்ணிக்கை வருகிறது.

நள்ளிரவுநிரல் எழுதியது:

வாழ்த்துகள். மூன்றுக்கும் காரணம் தெளிவாகவே இருக்கிறது.

ஒலியை முதலில் பார்ப்போம். ஃபேமிகாமில் ஒலி நேராகத் தொலைக்காட்சிக்குப் போவதில்லை. 45ஆம் பின் வழியாகக் கேசட்டுக்குள் நுழைந்து, 46ஆம் பின் வழியாகத் திரும்பிப் பெட்டிக்குள் வருகிறது. கேசட்டிலேயே கூடுதல் ஒலிச் சிப் வைத்து, இரண்டு ஒலிகளையும் அங்கேயே கலந்து அனுப்ப வேண்டும் என்பதற்காக இப்படி அமைத்தார்கள். சில விளையாட்டுகள் அந்த வசதியை மிக அழகாகப் பயன்படுத்தியும் இருக்கின்றன. கூடுதல் சிப் இல்லாத கேசட்டில் அந்த இரண்டு பின்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். உங்கள் போர்டில் அந்த இணைப்பு விடுபட்டிருக்கிறது. ஒரு சிறு கம்பித் துண்டு போதும்.

மிரரிங் விஷயத்தில் உங்கள் மீது பிழையில்லை. நிண்டெண்டோவின் போர்டுகளில் 'ஹெச்', 'வி' என்ற எழுத்துகள் திரைப் பக்கங்கள் அடுக்கப்பட்டிருக்கும் திசையைக் குறிக்கின்றன. எமுலேட்டர் கோப்பின் தலைப்பகுதியோ எந்தத் திசையில் ஒரே பக்கம் திரும்ப வருகிறது என்பதைக் குறிக்கிறது. இரண்டும் நேர் எதிரானவை. பக்கவாட்டில் நகரும் உங்கள் விளையாட்டுக்கு இரண்டு பக்கங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைச் செங்குத்து மிரரிங் என்பார்கள். ஆனால் போர்டில் அதற்கு 'ஹெச்'சில் ஈயம் வைக்க வேண்டும். வேறு ஆட்கள் செய்த போர்டுகளில் இந்த எழுத்துகள் எப்படியும் இருக்கலாம் என்பதால், நான் எழுத்தை நம்புவதே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கேசட்டின் 18ஆம் பின்னில் வையுங்கள். அது படச் சிப்புக்குப் போகும் 10ஆம் முகவரிக் கம்பியோடு இணைந்திருந்தால் பக்கவாட்டு நகர்வு சரியாக வரும். 11ஆம் கம்பியோடு இணைந்திருந்தால் இப்போது உங்களுக்கு வருவதுதான் வரும். 'வி'யில் வைத்த ஈயத்தை முழுவதும் உறிஞ்சி எடுத்தபிறகே 'ஹெச்'சில் வையுங்கள். இரண்டிலும் ஈயம் இருந்தால் இரண்டு முகவரிக் கம்பிகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிவிடும்.

மூன்றாவது குறைதான் நிரல் எழுதுகிறவர்கள் அனைவரும் ஒருமுறையாவது சந்திப்பது. ஃபேமிகாமின் 2 கிலோபைட் வேலை நினைவகத்தில், பெட்டியை இயக்கும் நேரத்தில் என்ன இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எமுலேட்டர் அதைப் பூஜ்யமாக நிரப்பித் தந்திருந்தால், குழிகளின் எண்ணிக்கையை நீங்கள் பூஜ்யமாக்க மறந்தது அங்கே வெளியே தெரியாது. தொடக்கத்திலேயே நினைவகம் முழுவதையும் நீங்களே துடையுங்கள். அதோடு, இயக்கியவுடன் படச் செயலி தயாராக ஏறக்குறைய 30,000 சிபியு சுழற்சிகள் ஆகும். அதற்குமுன் அதன் சில பதிவகங்களில் (கட்டளைகளை ஏற்கும் சிறு நினைவிடங்கள்) எழுதுவதை அது கண்டுகொள்ளாது. திரைத் திரும்பல் (ஒரு திரையை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் வரும் இடைவெளி) இரண்டு முறை வரும்வரை காத்திருந்து, அந்த இடைவெளியிலேயே நினைவகத்தைத் துடைப்பது வழக்கம். மெசனில் தொடக்க நினைவகத்தை ஒழுங்கற்ற மதிப்புகளால் நிரப்பும் தேர்வு இருக்கிறது. அதை இயக்கிவிட்டுச் சோதித்தால் இத்தகைய பிழைகள் சிப்பில் எழுதும் முன்பே பிடிபடும்.

ஒவ்வொரு சிப்பின் மின்பின்னுக்கு அருகிலும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

ஈயப்பொறி எழுதியது:

இதைப் படித்துவிட்டு 72 பின் கொண்ட அமெரிக்க, ஐரோப்பிய என்இஎஸ் பெட்டிக்குக் கேசட் செய்ய எண்ணுகிறவர்களுக்கு ஒரு சொல். அந்தப் பெட்டியில் ஒரு பூட்டுச் சிப்பும், கேசட்டில் அதற்கு இணையான சாவிச் சிப்பும் இருக்கும். சாவி இல்லையென்றால் பெட்டி நொடிக்கு ஒருமுறை தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டே இருக்கும், திரையும் மின்னிக்கொண்டே இருக்கும். ஏடிடைனி13 என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலரில் அதற்கான நிரலை எழுதிச் சாவியாக வைக்கலாம். ஃபேமிகாமில் இந்தப் பூட்டே கிடையாது என்பதால் ஏழுகுழி இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஏழுகுழி எழுதியது:

45, 46 ஆகிய இரண்டையும் இணைத்தேன், ஈயத்தை 'ஹெச்'சுக்கு மாற்றினேன், நினைவகத்தைத் துடைக்கும் பகுதியைச் சேர்த்து நிரலை மறுபடி எழுதினேன். முப்பது முறை இயக்கி, அணைத்து, மறுபடி இயக்கிப் பார்த்தேன்; முப்பது முறையும் ஒவ்வொரு குழியிலும் ஐந்து கொட்டைகளோடுதான் தொடங்கியது. மெசனில் அந்தத் தேர்வை இயக்கியபோது நான் பூஜ்யமாக்க மறந்த வேறிரண்டு இடங்களும் பிடிபட்டன.

எண்பது வயதைக் கடந்த என் பாட்டி இன்று காலை கன்ட்ரோலரைக் கையில் வாங்கி ஓர் ஆட்டம் ஆடினார். திரையைப் பார்க்காமல், விழும் சத்தத்தை மட்டும் கேட்டு, 'ஆறு விழுந்திருக்கிறது, அடுத்த குழி காலி' என்று சரியாகச் சொன்னார். அவருக்காக இரண்டாவது போர்டில், பச்சைப்பலகை சொன்ன சன்னல் வைத்த 27சி256ஐயே வைத்து இன்னொரு கேசட் செய்துகொண்டிருக்கிறேன்.