தேவாலய ஆர்கனில் காலால் மிதித்து வாசிக்கிற பெடல் குழாய்களை நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

ஹாம்பர்க்வாசி: நானே தொடங்கி வைக்கிறேன். ஹாம்பர்க்குக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். கை விறைத்துப்போய், ஒதுங்கத்தான் யாக்கோபி தேவாலயத்துக்குள் நுழைந்தேன். மேலே யாரோ ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு லேசாக அதிர்ந்தது. அடியில் மெட்ரோ ரயில் போகிறது போல என்று விட்டுவிட்டேன். ரயில் போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றபோதுதான் உறைத்தது, அதுவும் பாட்டில் சேர்த்தி என்று.

வாசித்தவர் இறங்கி வந்ததும் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "32 அடி" என்றார், குழாயின் நீளத்தை. அடுத்த வாரம் மேலே கூட்டிப்போனார். ஆர்ப் ஷ்னிட்கர் 1693-இல் கட்டி முடித்த ஆர்கன் அது. மொத்தம் 60 ஸ்டாப் (ஒரே குரல் கொண்ட குழாய் வரிசை), அதில் 14 பெடலுக்கே. ஷூவைக் கழற்றச் சொல்லி இடது ஓரக் கட்டையை மிதிக்க விட்டார். மிதித்ததும் ஒன்றும் இல்லை. ஒரு கணம் கழித்து எங்கோ யாரோ மூச்சு இழுத்த மாதிரி. காதுக்கு எட்டுமுன் சாக்ஸ் போட்ட பாதத்துக்குத் தெரிந்துவிட்டது. நொடிக்கு இருபதுக்கும் குறைவான அதிர்வுதானாம். அப்புறம் பொஸௌன என்ற நாக்குக் குழாயைத் திறந்தார். உள்ளே பித்தளை நாக்கு அடிக்கிற ஒவ்வொரு அடியையும் எண்ணிவிடலாம் போல இருந்தது. லாரி இன்ஜினை அணைக்காமல் நிறுத்தினால் வருமே, அப்படி.

அந்த ஓரக் கட்டை 'சி' என்ற சுரம். அதையடுத்த சி ஷார்ப்புக்குக் கட்டையே கிடையாது. எப்போதோ தேவைப்படுகிற ஒரு சுரத்துக்கு யார் அவ்வளவு உலோகம் வாங்குவது!

சரி, என் அசட்டுத்தனத்துக்கு வருகிறேன். முகப்பின் இருபுறமும் பளபளக்கும் பெரிய பெடல் குழாய்களைப் படமெடுத்து, '300 வருஷப் பழசு' என்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அவரிடமும் பெருமையாகக் காட்டினேன். "இவை 1993-இல் வந்தவை" என்றார். பழைய முகப்புக் குழாய்கள் வெள்ளீயம், நம் வீட்டு ரசம் வைக்கிற ஈயச்சொம்பின் சரக்கு. முதல் உலகப் போரில், 1917-இல், உருக்குவதற்குக் கழற்றிப் போய்விட்டார்கள். உள்ளே மங்கலாக நிற்கும் காரீயக் குழாய்களில் நிறையத் தப்பின. ஷ்னிட்கருக்கு முந்தியவைகூட உண்டு. இரண்டாம் போரில் குழாய்களைக் கழற்றிப் பத்திரப்படுத்தியதால் பிழைத்தன. மரக்கூடு 1944-இல் எரிந்தது. பிறகு யுர்கன் ஆரெண்ட் என்ற ஆர்கன் கட்டுநர் எல்லாவற்றையும் சேர்த்து மீட்டெடுத்தார். ஆக, நான் படமெடுத்தது புதுசை, கிழவர்கள் இருட்டுக்குள்.

கீழ்ஸ்தாயி: எனக்கு வாய்த்தது நெதர்லாந்தின் ஹார்லம், புனித பாவோ தேவாலயம். கிறிஸ்டியான் முல்லரின் 1738 ஆர்கன், 1766-இல் பத்து வயது மோட்சார்ட் வாசித்தது. அங்கேயும் 32 அடி உண்டு. ஆசையாக ஃபோனில் பதிவு செய்தேன். வீட்டில் போட்டுக் கேட்டால் கீச்சுக் குழல்கள் எல்லாம் இருக்கின்றன, பெடல் வந்த இடத்தில் ஸ்பீக்கர் கறகறக்கிறது. என் பொண்டாட்டி, "இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?" என்றாள்.

ஹாம்பர்க்வாசி: நல்ல ஹெட்ஃபோன் போட்டாலும் பெஞ்சு அதிராதே! சொல்ல மறந்தேன், 1720-இல் இசையமைப்பாளர் பாக் இதே யாக்கோபியில் வேலைக்கு முயன்றார். வேலை போனது 4000 மார்க் நன்கொடை கொடுத்த வேறொருவருக்கு.

வாட்ஸ்அப்பில் திருத்தமும் போட்டேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பெரிய குழாய் ஒன்றில் எத்தனை ஈயச்சொம்பு வரும்?"