மீன்காரர் ஹார்ன் அடித்தால் நாய் ஏன் வாசலுக்குப் பாய்கிறது

நாயைப் பழக்க நாலு ஊர்க்காரர்கள் சொல்லும் வழிகள்:

நாகர்கோவில்:
காலையில் மீன்காரர் வண்டியில் வந்து ஹார்ன் அடிக்கிறார், நாய் குரைக்கிறது, அவர் மீனைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். தான் குரைத்துத்தான் அவரை விரட்டினோம் என்று நாய் எடுத்துக்கொள்கிறது. தினமும் இப்படி நடந்தால் குரைப்பு கூடிக்கொண்டேதான் போகும். நாம் உள்ளேயிருந்து சத்தம் போட்டால், நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றே அதற்குப் படும்.

அதனால் முதலில் அதற்கென்று ஓர் இடம் வேண்டும். கதவிலிருந்து ஆறேழு அடி தள்ளி, கதவு கண்ணில் படும்படி ஒரு சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள். தீனிக்கு உப்பில்லாமல் அவித்த கோழி, பட்டாணி அளவுத் துண்டு. முள் எடுத்த அவித்த மீனும் ஆகும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். நாய் சாக்கில் ஏறியதும் தீனியை முன்னங்கால்களுக்கு நடுவில் போடுங்கள். கையில் நீட்டினால் கையைத் தேடி எழுந்து வந்துவிடும்.

இது இரண்டு மூன்று நாளில் பிடிபடும். அப்புறம்தான் கதவு. கொண்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து தீனி. அடுத்து கொண்டியை ஆட்டிச் சத்தம். அடுத்து ஒரு விரல்கடை திறப்பு, ஒரு சாண், பாதி, முழுசு. எழுந்தால் பேசாமல் கதவைச் சாத்துங்கள், திட்டவும் வேண்டாம். பத்துக்கு எட்டு தடவை அசையாமல் இருந்தால் அடுத்த படி. இரண்டு தடவை தொடர்ந்து எழுந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். ஒரு வேளைக்கு 5 நிமிடம் போதும். பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டு முதல் நாளே கதவை முழுக்கத் திறப்பதில்தான் எல்லாம் கெடுகிறது.

மார்த்தாண்டம்:
நாகர்கோவில் அண்ணாச்சி சொன்ன சாக்கு சரி. மொசைக் தரையில அது வழுக்கும், அடியில ரப்பர் மேட் போடணும். கால் வழுக்குற நாய் உக்காரவே உக்காராது. ஹார்ன் சத்தத்த போன்ல பதிஞ்சு, காது அசையிற அளவுக்கு மட்டும் மெதுவா வையுங்க. சத்தம் முதல்ல, ஒரு நொடி கழிச்சுத் தீனி. மாத்திச் செஞ்சா ஒண்ணும் படியாது. கொஞ்சம் கொஞ்சமா சத்தத்தக் கூட்டலாம். இடி மழை நேரத்துல மட்டும் இந்த வேலை வேண்டாம்.

தக்கலை:
ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியில் விருந்தாள் வரும்போது மேலே தாவும் நாய்க்கு: 6 அடி வாரைப் போட்டு, நிற்கவும் உட்காரவும் இடம் விட்டு, தாவ முடியாத நீளத்தில் அந்த வாரைக் காலால் மிதித்துக்கொள்ளுங்கள். நாலு காலும் தரையில் இருந்தால்தான் தடவல். வந்தவரிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் “அய்யோ பாவம், வா வா” என்று தூக்கிக் கொஞ்சினாலும் ஒரு வாரப் பாடு வீணாகும். பழக்கம் விடுபடுவதற்கு முன் சில நாள் தாவல் கூடும். பயப்படாமல் அதே முறையில் நில்லுங்கள். முழங்காலால் நெஞ்சில் இடிப்பது வேண்டாம். வலிக்கும், ஆள் வந்தாலே பயமும் சேர்ந்துகொள்ளும்.

குளச்சல்:
கேட் பக்கத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டாதீர்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரையும் பார்த்து, நெருங்க முடியாமல் ஆத்திரம் ஏறும். வீட்டுப் பின்பக்கம் நிழலில் இடம் கொடுங்கள். உடம்பு விறைத்து, கண் இமைக்காமல் முறைத்து, உறுமுகிற நாய்க்கு மேலே சொன்னது போதாது. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக் கூடாது. பல்லோ நகமோ யார்மேலாவது கீறினால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

நாகர்கோவில்:
ஒன்று விட்டுப்போனது. மீன்காரரிடம் சொல்லி வையுங்கள்: ஹார்ன் அடித்ததும், நாய் சாக்கில் படுக்கும்வரை கேட்டுக்கு வெளியே நிற்கட்டும். அவர் கிளம்பும்போதும் அது சாக்கிலேயே இருந்தால், அன்றைய கடைசித் துண்டு அப்போதுதான்.