வைகாசியில் குமரிக் கடலில் சூரியன் மறையுமா?

எஸ்வளைவு:
மே கடைசி சனி, ஞாயிறு பிள்ளைகளோடு எந்தக் கடலுக்குப் போகலாம் என்று செங்கோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு முக்கடல் எழுதிய பதில்: "யோசிக்கவே வேண்டாம், கன்னியாகுமரி. காலையில் கடலில் உதயம், மாலையில் கடலிலேயே அஸ்தமனம்." படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மே கடைசியில் அங்கே சூரியன் கடலில் மறையாது. கோடையில் சூரியன் வடக்கே ஒதுங்கி இறங்கும். குமரியிலிருந்து கரையோ முட்டம் பக்கமாக வடமேற்கே ஏறுகிறது. ஆகவே கரைக்குப் பின்னால்தான் மறையும். ஐப்பசியிலிருந்து மாசிக்குள் போனால் கடலில் பார்க்கலாம். கேரளத்து வர்க்கலாவில் வருடம் முழுக்கக் கடல்தான். புளியரை, தென்மலை, புனலூர் வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம்.

முக்கடல்:
அண்ணாச்சி, சித்ரா பௌர்ணமிக்கு ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்க்கத்தானே அவ்வளவு கூட்டம் கூடுகிறது? அத்தனை பேருக்கும் கண் தெரியாதா? உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?

எஸ்வளைவு:
சித்திரை வேறு, வைகாசி வேறு. நான் சொன்னது மே கடைசி. மூன்று வருடம் முன்னால் இலஞ்சியிலிருந்து ஒரு குடும்பத்தை அங்கே கூட்டிப் போனேன். பாட்டி நெற்றியில் கை வைத்தபடி பாறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சூரியன் சிவந்து, தென்னை வரிசைக்குப் பின்னால் போய்விட்டது. "கடல்ல இறங்கலையே மாமா" என்று சின்னப் பிள்ளை என்னிடம் கேட்டாள். அந்த முகம் எனக்கு மறக்காது.

தென்காசித்தூறல்:
சூரியனை விடுங்கள். புளியரை ரோட்டில் ஜல்லி, எம்சாண்ட் லாரி வரிசையில் மாட்டியிருக்கிறீர்களா? எஸ் வளைவில் ஒரு லாரி நின்றால் போதும், பிள்ளைகள் வாந்தி எடுத்துவிடும். திருநெல்வேலி போய் நாலுவழிச் சாலையைப் பிடித்தால் சுகமாகக் குமரி. கண்ணாடிப் பாலமும் திறந்தாயிற்று, 77 மீட்டர். பிள்ளைகளுக்கு அது போதும்.

எஸ்வளைவு:
காலை அஞ்சு மணிக்குக் கிளம்பினால் லாரித் தொல்லை குறைவு. கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலத்தில் நிறுத்தி டீ குடித்துவிட்டுப் போகலாம். சரி, பாலம் இருக்கட்டும். சூரியன் கடலில் மறையுமா, மறையாதா? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

முக்கடல்:
மறையும். நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் எப்போதும் கேரளத்துக்குத்தான் ஆள் பிடிப்பீர்கள். சவாரி அந்தப் பக்கம்தானே!

எஸ்வளைவு:
என் தொழிலை இழுக்க வேண்டாம். குமரிக்கும் நான்தான் ஓட்டுகிறேன், அங்கே போனால் எனக்குக் கிலோமீட்டர் அதிகம். அப்புறம், 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் கன்னியாகுமரியும் வர்க்கலா இருந்த அதே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தன. எந்தப் பக்கம் என் பக்கம் என்று நீங்கள் சொல்லித் தர வேண்டாம்.

ஆரியங்காவுஅக்கா:
சண்டை போடுகிற இரண்டு பேரும் பிள்ளைகளை மறந்துவிட்டீர்கள். ஜூன் பிறக்கும் நேரம் இங்கே மழை இறங்கிவிடும். வர்க்கலாவின் பாபநாசம் கடற்கரையில் அலை முரடு. சிவப்புக் கொடி பறந்தால் காலை நனைக்கக்கூட விடமாட்டார்கள். செம்மண் குன்றின் விளிம்பில் பிள்ளைகளை ஓடவும் விட முடியாது. போன வருடம் தம்பி எஸ்வளைவு சொன்னதைக் கேட்டு அங்கே ஒரு விடுதியில் தங்கினோம். ராத்திரி முழுக்கக் கூரை ஒழுகியது.

எஸ்வளைவு:
அக்கா, விடுதியை நான் சொல்லவில்லை, ஊரைத்தான் சொன்னேன். ஒரு வருடமாக இதையே சொல்லிக் காட்டுகிறீர்கள். மழை மேகம் இருந்தால் எங்கேயும் அஸ்தமனம் கிடையாதுதான். ஆனால் வானம் தெளிந்திருந்தால் வர்க்கலாவில் கடலில் மறையும், குமரியில் மறையாது.

தென்காசித்தூறல்:
குமரிக்குப் போகிறவர்கள் உதயத்தைத்தான் பார்க்கப் போகிறார்கள். இதற்கு இத்தனை வாக்குவாதமா?

முக்கடல்:
என்னிடம் படமே இருக்கிறது. சூரிய வட்டம், தண்ணீரில் பாதி மூழ்கி. போடட்டுமா?

எஸ்வளைவு:
போடுங்கள். எடுத்த தேதியோடு போடுங்கள். மார்கழியில் எடுத்ததை மே மாதத்துக்குச் சாட்சியாகக் கொண்டு வர வேண்டாம்.

முக்கடல்:
தேதி எதற்கு? கடல் தெரிகிறது, சூரியன் தெரிகிறது.

எஸ்வளைவு:
தேதி.