தண்ணீர் மாற்றியதும் திருக்கையின் தோல் உரிந்தது, யாருக்காவது நடந்திருக்கிறதா?

கருமணல்
வளர்ந்த பெண் திருக்கை, மோட்டோரோ என்ற தென்னமெரிக்க நன்னீர் வகை. தீனியில் குறை இல்லை, நிறத்தில் குறை இல்லை. கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் ஏறியிருந்ததால் இந்த முறை பாதிக்கும் மேலே தண்ணீர் மாற்றினேன். கொஞ்ச நேரத்திலேயே உடம்பின் ஓரம் மேல்நோக்கிச் சுருள ஆரம்பித்தது. விளக்கைப் போட்டுக் கிட்டே போய்ப் பார்த்தால் முதுகு முழுக்க வெளுத்திருந்தது. மேலே இருக்கும் அந்த வழவழப்பு, ஆறிய பாலின் ஆடை மாதிரி மடிந்து உரிந்து வந்தது. அது நீந்த நீந்தப் பின்னாலேயே இழுபட்டது. அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. குளோரின் நீக்கி போட்டிருந்தேன், வெப்பமும் சரியாகத்தான் இருந்தது. பிழைத்துவிட்டது. ஆனால் சுத்தமான புதுத் தண்ணீர் எப்படி இப்படிச் செய்யும்?

ஈரத்தரை
என் திருக்கைக்கும் வெளுப்பு வந்தது, ஆனால் வயிற்றுப் பக்கம், ஒரே இடத்தில், நேர்கோடாக. எல்லோரும் அமோனியா என்றார்கள். அளந்தால் பூஜ்யம். அப்புறம் ஒரு ராத்திரி பார்த்தபோது ஹீட்டர் மேலேயே படுத்திருந்தது! நகரவே இல்லை. சூட்டுக்காயம். ஹீட்டரை, ஃபில்டர் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு மாற்றினேன், புண் ஆறிவிட்டது. கருமணல், உங்கள் ஹீட்டருக்கு உறை இருக்கிறதா?

ஆற்றுப்படுகை
ஈரத்தரை, அவர் முதுகு முழுக்க என்று எழுதியிருக்கிறார். ஹீட்டர் அப்படிச் சுடாது.

என்னிடம் இருக்கும் லியோபோல்டி வகைத் திருக்கைக்கு இதேதான் நடந்தது, அதே ஓரச் சுருளலோடு. பழைய தண்ணீரின் பிஎச் (குறையக் குறைய அமிலம்) 6-க்கும் கீழே போயிருந்தது, புதுத் தண்ணீர் 7.5. விஷயம் அங்கேதான். திருக்கை நிறைய தின்னும், நிறைய கழிக்கும். அந்த அமோனியாவை ஃபில்டரில் உள்ள பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையும், அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தியும், கூடவே செலவாகிறது. 1 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) போகும். நீங்கள் சொல்லும் நைட்ரேட் ஏற்றமும் இதற்கு ஒரு சாட்சி. காரத்தன்மை தீர்ந்ததும் பிஎச் சரியும். 6-க்குக் கீழே பாக்டீரியாவும் மந்தமாகிவிடும், அமோனியா சேரும். ஆனால் அந்த பிஎச்சில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற விஷம் குறைந்த வடிவத்தில் இருப்பதால் மீனுக்கு ஒன்றும் தெரியாது. மேலே நல்ல தண்ணீரை ஊற்றினால் பிஎச் ஏறும், சேர்ந்து கிடந்தது விஷமான வடிவத்துக்கு மாறும். 25 டிகிரியில் மொத்த அமோனியாவில் விஷமான பங்கு பிஎச் 7-ல் அரை சதவீதம், 8-ல் 5 சதவீதத்துக்கு மேல். பாதித் தண்ணீரை வெளியே எடுத்தால் அமோனியா பாதிதான் குறையும், விஷமான பங்கோ பிஎச் ஒரு புள்ளி ஏறினாலே ஏறக்குறைய பத்து மடங்காகும். திருக்கைக்கு மற்ற மீன்கள் மாதிரி மேலே செதில் அடுக்கு கிடையாது. எரிச்சல் வந்தால் வழவழப்பைச் சுரந்து தள்ளுவதுதான் அதற்குத் தெரிந்த காப்பு. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

அதனால் தண்ணீர் மாற்றும் முன் இரண்டு பக்கமும் பிஎச் பாருங்கள். கேஎச், அதாவது அந்தக் காரத்தன்மையின் அளவு, அதையும் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி மாற்றுங்கள். குழாயில் குளோரமைன் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) வருகிறதா என்றும் விசாரியுங்கள். திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோரமைன் லேசில் போகாது. சாதாரண நீக்கி அதை உடைத்தால் அதிலிருந்தும் அமோனியாதான் வெளியே வரும்.

நதிவாசி
இங்கே எல்லாவற்றுக்கும் தண்ணீரையே குற்றம் சொல்கிறீர்கள். என் பெண் திருக்கையின் (ஹென்லே வகை) ஓரத்தில் அரைவட்டமாகச் சிவந்த காயங்கள். தண்ணீரை மாற்று, மாற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு விடியற்காலை ஆண் அதன் ஓரத்தைக் கவ்விக்கொண்டு தொட்டியைச் சுற்றி இழுத்துப் போவதைப் பார்த்தேன். இணைசேரும்போது அப்படித்தான் கடிக்கும். இரண்டையும் பிரித்து வைத்ததும் புண் மூடியது. காயம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஆற்றுப்படுகை
நதிவாசி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடித்த புண் ஆறுவதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும், அதை மறுக்க முடியாது.

சங்குமுகம்
தோல் பிரச்சினை என்றால் உப்புப் போடுங்கள். திருக்கை அடிப்படையில் கடல் ஜாதி, உப்பு அதற்கு ஒத்துக்கொள்ளும். என் தொட்டியில் நைட்ரைட் (அமோனியா நைட்ரேட்டாக மாறும் வழியில் வரும் விஷம்) ஏறி, திருக்கை மூச்சு வேகமாக வாங்கியபோது உப்புதான் காப்பாற்றியது.

நதிவாசி
சங்குமுகம், இதைப் படித்துவிட்டு யாராவது கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தென்னமெரிக்க ஆற்றுத் திருக்கைகள் கடலை விட்டு வந்து ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. கடல் திருக்கை ரத்தத்தில் யூரியாவைத் தேக்கி உப்பைச் சமாளிக்கும். இவை அந்தத் திறனை இழந்தவை, உப்பை வெளியேற்றும் சுரப்பியும் சுருங்கிவிட்டது. உங்களுக்கு உப்பு உதவியது உண்மைதான். குளோரைடு இருந்தால் செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவது குறையும். பெரும்பாலான நன்னீர் மீன்களுக்கும் அப்படித்தான், கடல் உறவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கருமணலின் சிக்கல் அமோனியா, அதற்கு உப்பு மருந்தல்ல. தாமிரம் கலந்த மருந்துகளையும் திருக்கைத் தொட்டியில் போட வேண்டாம்.

கருமணல்
எல்லோருக்கும் நன்றி. ஹீட்டர் கீழ்த்தொட்டியில்தான் இருக்கிறது, ஆண் திருக்கை கிடையாது. ஆற்றுப்படுகை சொன்னதைப் படித்துவிட்டு கேஎச் டெஸ்ட் செய்து பார்த்தேன். முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது, அதாவது காரத்தன்மை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. பிஎச் மறுபடியும் இறங்க ஆரம்பித்திருக்கிறது. முதுகில் படலம் திரும்பி வந்துவிட்டது, ஓரம் விரிந்திருக்கிறது, இறாலை வந்து எடுக்கிறது. இப்போது காரத்தன்மையை ஏற்ற பவளத் துண்டுகளை ஃபில்டரில் போடட்டுமா, சோடா உப்புப் போடட்டுமா?

ஆற்றுப்படுகை
இரண்டும் இன்றைக்கு வேண்டாம். முதலில் அமோனியாவை அளந்து எண்ணைப் போடுங்கள். அது இருக்கும்போது பிஎச்சை ஏற்றினால் அன்றைக்கு நடந்ததே மறுபடியும் நடக்கும். பூஜ்யம் வரும்வரை தீனியை நிறுத்துங்கள், பத்தில் ஒரு பங்கு மட்டும் தினமும் மாற்றுங்கள், அமோனியாவையும் கட்டிப்போடும் வகை நீக்கியைச் சேருங்கள். பூஜ்யம் வந்த பிறகு பவளம், அதுவும் ஒரு சின்னப் பையில் கொஞ்சமாக.